மூணாவது ஆள்

கார்த்திகை மழை விட்டும் விடாமலும் கரையை அடித்துக்கொண்டிருந்தது. மரக்காணத்துக்குத் தெற்கே இருக்கிற அந்தக் குப்பத்தில் படகுகளையெல்லாம் ரோட்டோரம்வரை இழுத்துப் போட்டு, இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டார்கள். கரண்ட் போனது போனதுதான். கடலுக்குப் போகாததால் மீன் இல்லை. மீன் இல்லாததால் ருக்குவுக்குத் திண்டிவனம் மார்க்கெட்டுக்குப் போகிற வேலையும் இல்லை. ஒரு அடுப்பில் காரப்பொடிக் கருவாட்டுக் குழம்பு கொதிக்க, இன்னொரு அடுப்பில் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. இரண்டு பெண்கள். இருவரின் புர்காவும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஓட்டி வந்தவள் சின்னப் பெண். வண்டிக்கு ஸ்டாண்டு போடக்கூட நிற்காமல் கூட வந்த அம்மாவின் கையில் பிடிக்கக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"தேவயானி எங்க ஆன்ட்டி?"

"உள்ள தூங்கறா. யாரும்மா நீ?"

அவள் செருப்போடு உள் அறைக்குப் போனாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ருக்குவின் மகள் தேவயானியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். தேவயானி திரும்பி, கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இன்னாடி, இந்த மழைல?" என்றாள். வந்த பெண் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த இடம் ஈரமானது.

அவள் பெயர் பெனாசிர். ஊர், பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் கோட்டக்குப்பம். திண்டிவனம் காலேஜில் தேவயானியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது பாண்டிச்சேரிக்கு மாறிப் படிக்கிறாள். கூட வந்தது அவள் அம்மா நஃபீசா பீவி. வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். எங்கே போவதானாலும் தாயும் மகளும்தான்.

"நேத்து சாயங்காலத்துலருந்து இவ போன்ல சத்தம் வந்துக்கினே இருந்துச்சிம்மா" என்றாள் நஃபீசா பீவி, ருக்கு கொடுத்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "தேவயானி பதில் சொல்லல, போனும் ஆஃப் ஆயிடுச்சி, போய்ப் பாருங்கன்னு. நாங்க போட்டுப் பார்த்தா கெடைக்கல. மழை கொஞ்சம் வுட்டதும் கெளம்பிட்டோம். வர்ற வழியெல்லாம் எனக்கு உசுரு உசுரா இல்ல."

"கரண்ட் இல்லைங்க. சார்ஜு தீந்துபோச்சி" என்றாள் ருக்கு. பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "இன்னா சத்தம் வந்துச்சி?"

புரட்டாசியில் ஒரு மத்தியானம் தேவயானி உயிரை விட்டுவிடத் துணிந்தாள். எப்படி என்பதைக் குப்பமே வாய் வலிக்கப் பேசி முடித்துவிட்டது. இங்கே அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டதால் பிழைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது அவள் போனில் என்னவோ ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தார்கள். மாத்திரையை ஞாபகப்படுத்துகிற ஆப் என்றுதான் ருக்கு நினைத்துக்கொண்டிருந்தாள்.

பெனாசிர்தான் விளக்கினாள். தினமும் காலையில் அது நாலு கேள்வி கேட்கும். தூங்கினாயா, சாப்பிட்டாயா, மனசு எப்படி இருக்கிறது, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா. அழுத முகம், சிரித்த முகம் என்று வரிசையாக இருக்கும். எது பொருந்துகிறதோ அதைத் தொட வேண்டும். அழுத முகத்தைத் தொட்டாலோ, பதிலே சொல்லாமல் விட்டாலோ, தேவயானி யார் யார் நம்பரைக் கொடுத்திருக்கிறாளோ அவர்களுக்குச் சத்தம் போகும்.

"மூணு பேரப் போடணும் ஆன்ட்டி. ஆஸ்பத்திரில இருக்கற அம்பிகா மேடம் ஒன்னு. நான் ஒன்னு. மூணாவது ஆள் இன்னும் போடல."

ருக்கு மகளைப் பார்த்தாள். தேவயானி போர்வையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்புகிற பழக்கம் ருக்குவுக்கு இல்லை. களியையும் கருவாட்டுக் குழம்பையும் போட்டாள். நஃபீசா பீவி குழம்பை ருசித்துச் சாப்பிட்டாள். கிளம்பும்போது ருக்குவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க நம்பர் சொல்லுங்க. இனிமே எதுனாலும் மொதல்ல உங்களுக்குப் போட்டுடறோம்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ருக்கு நம்பரைச் சொன்னாள். தன் மகள் எப்படியிருக்கிறாள் என்பதைக் கோட்டக்குப்பத்துக்காரி தனக்குப் போன் போட்டுச் சொல்லப்போகிறாள்.

ஸ்கூட்டி போனதும் ருக்கு உள்ளே வந்தாள்.

"ஏன்டி, என் பேரு அதுல இல்ல?"

"வுடும்மா."

"உங்கப்பன் கடல்ல இருப்பாரு, டவரு கெடைக்காது. சரி. உங்கண்ணன் ராம்கி அவரோடயே போறவன். நான் தரையிலதானே இருக்கறேன்? உனக்கு ஒன்னுன்னா நான் வரமாட்டனா?"

"வருவ. வந்து அழுவ."

"பெத்தவ அழமாட்டாளா?"

தேவயானி எழுந்து உட்கார்ந்தாள். கோபமாகப் பேசவில்லை. களைத்துப்போன குரலில் மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஆஸ்பத்திரில எனக்கு முழிப்பு வந்துச்சி. கண்ணத் தொறக்க முடியல. காது கேட்டுச்சி. நீ என் கால்மாட்டுல உக்காந்துக்கினு ஒப்பாரி வெச்சிக்கினு இருந்த. சாவு வூட்டுல பாடுவியே, அதே மாதிரி. என் பேரச் சொல்லி, என் வயசச் சொல்லி, நான் கட்டாத பட்டுப் பொடவயச் சொல்லி. வார்டே உன்கூட அழுதுச்சி. நான் உயிரோட படுத்துக்கினு என் சாவுப் பாட்டக் கேட்டேன். அப்ப எனக்கு இன்னா தோணுச்சின்னா, ஐயோ, அம்மாவ யாராச்சும் தேத்துங்களேன்னு. அதுக்கும் நானேதான் எழுந்துக்கணுமான்னு."

அந்தக் குப்பத்தில் எங்கே சாவு விழுந்தாலும் ருக்கு வந்த பிறகுதான் அழுகை களைகட்டும். அவள் குரல் அப்படி. திண்டிவனம் மார்க்கெட்டின் ஒரு கோடியில் விலை சொன்னால் மறு கோடிக்குக் கேட்கும். அந்தக் குரலுக்கு இப்படி ஒரு கேடு உண்டு என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

மழை நின்று, படகுகள் திரும்பக் கடலுக்குப் போய், மீன் வரத் தொடங்கிய முதல் நாளே ருக்கு வியாபாரத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டுத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மீன் கூடையை மாடிப்படிக்குக் கீழே கவிழ்த்து வைத்துவிட்டு, குழாயில் கையைத் தேய்த்துக் கழுவினாள். வாசனை போகவில்லை. அப்படியே மேலே போனாள்.

அம்பிகா அங்கே மனசு சரியில்லாதவர்களோடு உட்கார்ந்து பேசுகிறவள், விழுப்புரத்துப் பெண். கல்யாணம் ஆகாதவள். ராம்கியைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "உக்காருங்கம்மா" என்றாள்.

"என் பேர அதுல ஏத்துங்க மேடம்."

"அத தேவயானிதாம்மா போடணும். நான் போட முடியாது."

"நான் அவளப் பெத்தவங்க."

"தெரியும்மா. ஆனா கூப்புடப்போறது அவ. யாரக் கூப்புடறதுன்னு அவதான் முடிவு பண்ணணும். நான் உங்க பேர ஏத்திட்டேன்னு வெச்சிக்கோங்க, அவ நாளையிலருந்து எல்லாத்துக்கும் சிரிச்ச மூஞ்சியவே அமுத்துவா. நம்ம ரெண்டு பேருக்கும் ஒன்னும் தெரியாது."

ருக்கு எழுந்திருக்கவில்லை. அம்பிகா தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரி, சத்தம் வருதுன்னு வெச்சிக்கோங்க. நீங்க மார்க்கெட்டுல இருக்கீங்க. இன்னா பண்ணுவீங்க?"

"வுழுந்தடிச்சி ஓடுவேன்."

"ஓடி?"

"கட்டிப் புடிச்சிக்குவேன்."

"அப்பால?"

ருக்கு பொய் சொல்லவில்லை. "அழுவேன்" என்றாள்.

"அப்ப அவ உங்களத் தேத்துவா. அவளத் தேத்த யாரும்மா?"

ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று பின்பக்கமாக வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ருக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் இன்னா பண்ணணும்னு சொல்லுங்க. செய்யறேன்."

"மொதல்ல கேக்கணும். சுத்தி வளைக்காம நேரா. 'செத்துப்போவணும்னு தோணுதா?'ன்னு."

ருக்குவின் இரண்டு கையும் காதுக்குப் போயின. "அந்த வார்த்தைய நான் எப்டிங்க என் புள்ளையப் பார்த்து... இல்லாத நெனப்ப நானே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடாதா?"

"ஆவாதும்மா. எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க. கேக்கறதால அந்த நெனப்பு வர்றதில்ல. ஏற்கெனவே இருந்தா வெளிய வரும். யாரும் கேக்கலன்னா அவ மட்டும் தனியா வெச்சிக்கினு இருப்பா."

"ஆமான்னு சொல்லிட்டா?"

"சொன்னா நல்லதுன்னு நெனச்சிக்கோங்க. சொல்றதுக்கு ஆள் இருக்குது. எங்க இருக்க, கையில ஏதாச்சும் வெச்சிருக்கியான்னு கேளுங்க. இருந்தா வாங்கிக்கோங்க. தனியா வுடாதீங்க. இங்க கூட்டியாங்க."

"திட்டலாமா?"

"கூடாது."

"இனிமே இப்டிப் பண்ணமாட்டேன்னு என் தலமேல சத்தியம் வாங்கிக்கலாமா?"

"வேணாம்மா. சத்தியம் வாங்கினா, அடுத்த வாட்டி உங்ககிட்ட சொல்லமாட்டா. சத்தியத்த மீறிட்டோம்னு அதுக்கும் சேத்து வெக்கப்படுவா."

இறங்கி வரும்போது ருக்கு அந்தக் கேள்வியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். முதல் வார்த்தையிலேயே கண் நிறைந்தது. படிக்கட்டிலேயே நின்று துடைத்துக்கொண்டாள். பெரிய காற்றில் கூடையைத் தலைமேல் வைத்து நடக்கப் பழகியவள். இதையும் பழகாமலா போய்விடுவோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அன்றிலிருந்து மார்க்கெட்டில் அவள் வாய் சும்மா இருக்கவில்லை. செதில் சீய்க்கும்போது, குடல் எடுக்கும்போது, ஐஸ் உடைக்கும்போது, முணுமுணுவென்று அதே கேள்விதான். பக்கத்துக் கடை சின்னபொண்ணு ஒலக்கூரிலிருந்து ஏரி மீன் கொண்டுவந்து விற்பவள். ஒருநாள் கெண்டையை நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தினாள்.

"இன்னாக்கா, சங்கரா மீனப் பார்த்து சாவணுமான்னு கேட்டுக்கினு இருக்க? அது போய்ச் சேந்து ரெண்டு நாளாச்சி."

சின்னபொண்ணுக்கு விஷயம் தெரியாது. குப்பத்தில் தெரிந்தது திண்டிவனத்தில் தெரிய வேண்டாம் என்று ருக்கு மூடி வைத்திருந்தாள். மகளைக் கேட்காமல் வெளியே சொல்லலாமா என்று ஒரு நொடி தயங்கிவிட்டு, "நம்ம வூட்டுல ஒருத்தருக்கு மனசு சரியில்ல. நான் நேரா கேட்டுப் பழகணும். கேக்கும்போது அழக்கூடாது" என்று மட்டும் சொன்னாள்.

சின்னபொண்ணு யார், எவர் என்று துருவவில்லை. சாக்கைத் தள்ளிப் போட்டு அவளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மீனக் கேட்டா பழகாது. என் மூஞ்சியப் பார்த்துக் கேளு."

ருக்கு கேட்டாள். பாதியில் குரல் உடைந்தது.

"அழுவற. இன்னொரு வாட்டி."

இப்படியாகத் தினமும் வியாபாரம் ஓய்ந்த பிறகு இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். சின்னபொண்ணு ஒருநாள் 'ஆமா' என்பாள், ஒருநாள் 'இல்ல' என்பாள், ஒருநாள் 'உன் வேலையப் பாரு' என்று எரிந்து விழுவாள். எதற்கும் ருக்கு அசையாமல் அடுத்த வார்த்தைக்குப் போக வேண்டும். மார்கழி பிறக்கும்போது குரல் உடைவது நின்றது.

வீட்டில் ருக்குவின் புருஷன் சேட்டுவுக்கு அந்த ஆப்பைக் கண்டாலே ஆகவில்லை. அவர் அதிகம் பேசாதவர். கடலில் இருப்பவர், வந்தால் வலை பின்னுவார், தூங்குவார். மகள் விஷயத்தில் அவர் செய்தது ஒன்றுதான்: அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு நடையாய் நடந்தார். ஒரு காலையில் தேவயானி போனைக் கையில் வைத்துக்கொண்டு கேள்விக்குப் பதில் தொட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, வலையைக் கீழே போட்டார்.

"தெனம் காலைல சாவப்போறியா, சாவப்போறியான்னு கேக்குது. மறக்கப்போற புள்ளைக்கு ஞாபகப்படுத்திக்கினே இருக்குது. இந்தக் கருமத்த எடுத்துக் கடல்ல போடறேன்."

"போடு" என்றாள் ருக்கு. "போட்டுட்டு, நாளைக்குக் காலைல எழுந்ததும் அது கேக்கறத நீ கேளு. தெனமும் கேக்கணும். கடலுக்குப் போற நாளும் கேக்கணும்."

சேட்டு மகளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அப்புறம் வலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் போனைப் பற்றி அவர் பேசவில்லை.

ஒரு சாயங்காலம் தாயும் மகளும் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தலையைக் கிள்ளிக் குடலோடு இழுத்துப் போடுகிற வேலை; கை தன்பாட்டுக்குச் செய்யும். ருக்கு தலையை நிமிர்த்தி, மகளின் கண்ணை நேராகப் பார்த்து, "தேவயானி, உனக்குச் செத்துப்போவணும்னு தோணுதா?" என்றாள்.

கேள்வி சரியாக வந்தது. குரல்தான் தப்பு. பழக்க தோஷத்தில் மார்க்கெட் குரலில் கேட்டுவிட்டாள். வெளியே வேலியோரம் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது.

தேவயானி சிரித்துவிட்டாள். புரட்டாசிக்குப் பிறகு ருக்கு பார்க்கிற முதல் சிரிப்பு. "ஏலம் வுடறியாம்மா?" என்றாள். சிரித்து முடித்து, கையிலிருந்த நெத்திலியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, "இன்னிக்கு இல்ல" என்றாள். "போன வாரம் ரெண்டு நாள் இருந்துச்சி. பெனாசிர்கிட்ட பேசினேன். அப்பால கொறஞ்சிச்சி."

போன வாரம். ருக்கு எண்ணிப் பார்த்தாள். அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம், சங்கரா விலை ஏறியது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். ஆனால் முகத்தை மாற்றாமல், "சரி. சொன்னியே, நல்லது" என்றாள். இன்னொரு பிடி நெத்திலியை முறத்தில் எடுத்துப் போட்டாள்.

தேவயானி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ வரும் என்று எதிர்பார்த்து, அது வராததால் பார்க்கிற பார்வை.

"யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"அம்பிகா மேடம். அப்பால நானே பழகினேன்."

கை கழுவிவிட்டு வந்து தேவயானி அம்மாவின் போனை வாங்கினாள். ராம்கி புதிது வாங்கியபோது கொடுத்த பழைய போன், ஒரு மூலையில் கண்ணாடி விரிசல் விட்டது. அதில் எதையோ ஏற்றினாள், தன் போனில் எதையோ தொட்டாள். திருப்பி வாங்கிக்கொண்ட ருக்குவின் கையில் அந்தப் போன் ஒருமுறை நடுங்கி, ஆலய மணி மாதிரி ஒரு சத்தம் போட்டது.

"இந்தச் சத்தம் வந்தா நானு. அழக்கூடாது. யார்கிட்ட சொல்றதுன்னு நான் சொல்றேன், நீயா சொல்லக்கூடாது."

"சரி."

"சரின்னா சரியா?"

"சரிடி."

தை பிறந்ததும் தேவயானி திரும்பக் காலேஜுக்குப் போனாள். தாயும் மகளும் காலையில் ஒரே பஸ். மீன் கூடையைக் கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளுவதற்கு ருக்கு கண்டக்டரோடு சண்டை போடுவாள். தேவயானி முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள். திண்டிவனத்தில் இறங்கி ஆளுக்கொரு பக்கம் போவார்கள்.

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. காலை வியாபாரம் மும்முரமாக இருந்தது. ருக்கு ஒரு வாத்தியாருக்கு வஞ்சிரம் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பில் சொருகியிருந்த போன் மணி அடித்தது.

ருக்கு கத்தியைக் கீழே வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தேவயானியின் நம்பரைத் தொட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. திரும்பத் தொட்டாள். இந்த முறை எடுத்தாள். பேசவில்லை. பஸ் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது.

"தேவயானி, அம்மா பேசறேன். செத்துப்போவணும்னு தோணுதா?"

மார்க்கெட்டையே அதட்டுகிற குரல், காதோடு காதாகப் பேசுகிற மாதிரி அடங்கி வந்தது. வாத்தியார் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். சின்னபொண்ணு தன் கடையிலிருந்து எழுந்து நின்றாள்.

"ஆமாம்மா."

ருக்கு சின்னபொண்ணின் முகத்தைப் பார்த்தாள். சின்னபொண்ணு கையை மட்டும் ஆட்டினாள்: அடுத்ததைக் கேள்.

"எங்க இருக்க?"

"பஸ் ஸ்டாண்டு. காலேஜுக்குப் போவல. வூட்டுக்கும் போவ முடியல. எந்த பஸ்லயும் ஏற முடியலம்மா."

"பஸ் ஸ்டாண்டுல எந்தப் பக்கம்?"

"விழுப்புரம் பஸ் நிக்கற எடம். சிமெண்டு பெஞ்சு."

"கையில ஏதாச்சும் வெச்சிருக்கியா?"

"பையில இருக்குது."

"பையத் தொறக்காத. மடியில வெச்சிக்கினு உக்காந்திரு. நான் வந்து வாங்கிக்கறேன். போன வெச்சிடாத. பேசிக்கினே இரு. பேச முடியலன்னா மூச்ச வுடு, எனக்குக் கேட்டா போதும்."

துண்டு போட்ட வஞ்சிரம், எடைக்கல், கத்தி எல்லாம் அப்படியே கிடந்தன. "அம்மா, என் மீனு?" என்றார் வாத்தியார். "நான் போட்டுத் தர்றேன், இப்டி வாங்க சார்" என்று சின்னபொண்ணு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ருக்கு நடந்தாள். ஓடினால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் பேச்சு நிற்கும். ஆட்டோவில் ஏறினால் மேம்பாலத்துக்கிட்ட மாட்டிக்கொள்ளும். அதனால் நடந்தாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள்.

"இப்ப பூக்கடையத் தாண்டிட்டேன். மல்லாட்டை வறுக்கற வண்டிக்காரன் வழிய அடச்சிக்கினு நிக்கறான். தள்றா இப்டி. உன்ன இல்லடி, அவன. இப்ப மேம்பாலத்துக்குக் கீழ வந்துட்டேன். வெயிலு காயுது. செருப்பு அங்கயே வுட்டுட்டேன் போலருக்குது. கேக்குதா?"

"ம்."

"இன்னொரு வாட்டி ம் சொல்லு."

"ம்."

பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும் பார்த்துவிட்டாள். நீல சுடிதார். பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, காதில் போனோடு, குனிந்து உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஜனம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ருக்கு கட்டிப் பிடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள்.

தேவயானி பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். ருக்கு அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. சுருக்குப்பையில் போட்டு இறுக்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"காரணம் கேக்காதம்மா. ஒன்னு இருந்தா நானே சொல்லிடுவேன். காலைல எழும்போதே இப்டித்தான் இருந்துச்சி."

"கேக்கல."

"பொய்யா சிரிச்ச மூஞ்சி அமுத்திடலாம்னுதான் பார்த்தேன். அப்பால அழுத மூஞ்சிய அமுத்திட்டேன்."

"நல்ல வேல பண்ண."

தேவயானி அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். கண் காய்ந்திருந்தது. கன்னத்தில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. கையை நீட்டி அதை எடுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு அவளுக்குத்தான் அழுகை வந்தது. ருக்கு அழவிட்டாள். முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இரண்டு விழுப்புரம் பஸ் போகிறவரை உட்கார்ந்திருந்தாள். அப்புறம், "வா, அம்பிகா மேடத்துகிட்ட போவலாம்" என்றாள்.

அம்பிகா ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தாள். அவளுக்கும் சத்தம் போயிருந்தது. ருக்கு பேசிக்கொண்டே இருந்ததால் லைன் கிடைக்கவில்லை. பெனாசிர் பரீட்சை ஹாலில் இருந்தாள். வெளியே வந்து போனைப் பார்த்தவள் அப்படியே பாண்டியிலிருந்து பஸ் ஏறி, சாயங்காலம் வந்து சேர்ந்தாள்.

அப்பாவிடம் சொல்லலாம் என்று தேவயானிதான் சொன்னாள். சேட்டுவும் ராம்கியும் கரைக்கு வந்ததும் அப்படியே, உப்புப் பூத்த கைலியோடு வந்தார்கள். வார்டு வாசலில் மகளைப் பார்த்ததும் சேட்டுவுக்கு உதடு கோணியது. சத்தமில்லாமல் குலுங்கினார். ருக்கு அவர் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"வெளிய போய் அழுதுட்டு வா. முடிச்சிட்டு வா. இங்க அவகிட்ட பேசணும்."

அவர் போனார். வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மகளின் கட்டிலோரம் உட்கார்ந்து, "இன்னிக்கு எறா பட்டுச்சி. ஒனக்கு வறுத்து எடுத்தாறச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். தேவயானி "ம்" என்றாள். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அது குறைவு என்று ருக்குவுக்குத் தோன்றவில்லை.

டாக்டர் மாத்திரையை மாற்றினார். சில நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். முதல் இரண்டு நாள் தேவயானி யாரோடும் பேசவில்லை. மூன்றாவது நாள் சாம்பாரில் உப்பில்லை என்றாள். ருக்கு மார்க்கெட்டுக்குப் போகவில்லை. சின்னபொண்ணு ஏரி மீனோடு கடல் மீனையும் சேர்த்து விற்றாள். அம்பிகா தினமும் வந்து உட்கார்ந்தாள். இது ஒரே நாளில் போய்விடாது, வரும், குறையும், திரும்ப வரும், வரும்போதெல்லாம் இப்படியே செய்ய வேண்டும் என்று தாயையும் மகளையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் சொன்னாள். ருக்கு தலையாட்டினாள். கடல் ஒரே நாளில் அடங்கி அவள் பார்த்ததில்லை.

வீட்டுக்கு அனுப்பிய அன்று மத்தியானப் பஸ்ஸில் கூட்டம் இல்லை. முதல்முறையாக இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். மரக்காணம் நெருங்கும்போது இருபக்கமும் உப்பளம் தெரிந்தது. வெயிலில் பாத்திகள் வெளுத்துக்கிடந்தன. பெண்கள் வரிசையாக நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு எப்டி இருக்குது?" என்றாள் ருக்கு. இப்போது அந்தக் கேள்வி சாதாரணக் குரலிலேயே வந்தது.

"இருக்குது. தூரமா இருக்குது." தேவயானி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரும்பினாள். "உனக்கு எப்பனாச்சும் தோணி இருக்காம்மா?"

ருக்கு இதை எதிர்பார்க்கவில்லை. அவளிடம் இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. 'எனக்கென்னடி கேடு' என்று சொல்ல வாய் வந்தது. மகளின் முகத்தைப் பார்த்தாள். சொல்லவில்லை.

"தோணி இருக்குது."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"எப்ப?"

"தொண்ணூத்தி மூணுல. ராம்கி பொறந்து மூணு மாசம் இருக்கும். புள்ள நல்லா இருந்தான், உங்கப்பா நல்லா இருந்தாரு, மீனு நல்லாப் பட்டுச்சி. ஒரு கொறையும் இல்ல. எனக்கு மட்டும் எதுவும் வேணாம்போல இருந்துச்சி. புள்ளையத் தூளியில போட்டுட்டு, பொழுதனைக்கும் கடலயே பார்த்துக்கினு நிப்பேன்."

"யார்கிட்ட சொன்ன?"

ருக்கு யோசித்தாள். மாமியார், நாத்தனார், குப்பத்துப் பெண்கள் என்று ஒவ்வொரு முகமாக வந்து போயிற்று. எல்லாரும் நல்லவர்கள்தான். பத்தியச் சோறு போட்டவர்கள், பிள்ளையைக் குளிப்பாட்டிக் கொடுத்தவர்கள்.

"யாரும் கேக்கலடி."

மரக்காணம் வந்துவிட்டது. இறங்கினார்கள். குப்பத்துக்குப் போகிற டவுன் பஸ் இன்ஜின் ஓட நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் ருக்குவைப் பார்த்து, "ஜல்தி வாக்கா, எடுக்கப்போறோம்" என்று கூப்பிட்டார். ருக்கு பையைத் தூக்கிக்கொண்டு ஒரு அடி வைத்தாள்.

தேவயானி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அது போவட்டும்மா. அடுத்ததுல போவலாம். மீதியச் சொல்லு."

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. இருவரும் நிழலாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று ருக்கு கொஞ்சம் தடுமாறினாள். பிறகு சொல்லத் தொடங்கினாள்.